அம்மாவோடு நடந்த நாய்

கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் வீட்டில் எதைத் தொட்டாலும் விரலில் மா ஒட்டும். உள்துறைமுகத்துத் தண்ணீரைத் தடவிக்கொண்டு லிங்கநகர் ஒழுங்கைகளுக்குள் புழுதியோடு நுழைகிற அந்தச் சூடான காற்று, குசினி யன்னலால் உள்ளே வந்து, அம்மா அரித்து வைத்திருக்கும் அரிசி மாவை அள்ளி வீடு முழுவதும் பூசிவிட்டுப் போகும். கதிரையில் மா, அலுமாரிக் கண்ணாடியில் மா, ஏணையில் கிடக்கும் கடைக்குட்டியின் புருவத்தில் மா, ஆட்டின் தாடியில் மா. லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிற அன்று என் கொப்பிகளைத் தட்டினால் வெள்ளையாக ஒரு புகை எழும்பும். வகுப்பில் பக்கத்தில் இருந்தவன் தும்முவான்.

எங்கள் வீடு இடியப்ப வீடு. அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா இடியப்பம் அவித்துத் தேத்தண்ணிக் கடைகளுக்குக் கொடுக்கிறவர். இரண்டு பேருமே பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவர்கள். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பெருவிரலை நீட்டுவதற்கு அவர்கள் வெட்கப்பட்டதில்லை. ஆனால் பிள்ளைகளில் ஒருவராவது பேனையால் எழுத வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றவர்களும் அவர்கள்தான். அக்கா இடையில் படிப்பை விட்டு அம்மாவுக்குக் கைகொடுக்க வந்துவிட்டதால் அந்த எதிர்பார்ப்பு முழுவதும் என் தலையில் இறங்கியது. எனக்குப் பின்னால் தம்பி ரவி, அவனுக்குப் பின்னால் ஏணையில் கிடந்த தங்கச்சி. எங்களோடு சேர்ந்து, ஓர் ஆடும் அதன் குட்டிகளும், யாரும் கணக்கெடுக்காத கோழிகளும், ஒவ்வொரு வெயில் காலத்திலும் தவறாமல் அலுமாரியின் கீழ்த்தட்டில் குட்டி போடுகிற ஒரு பூனையும், ஒரு நாயும் அந்த இரண்டு அறை வீட்டில் சீவித்தோம்.

ஓகஸ்ட் லீவு மற்றப் பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காலம். எங்கள் வீட்டில் அது கைகள் கூடுகிற காலம். அக்கா இடியப்ப உரல் பிழிவாள். நான் மா அரித்து, தட்டுக் கழுவி, விறகு அடுக்குவேன். மாவில் வாய் வைக்க வரும் கோழிகளை விரட்டுவது ரவியின் வேலை. அவன் கோழிகளோடு சேர்ந்து ஓடினானே தவிர ஒன்றையாவது விரட்டியதாக எனக்கு நினைவில்லை. வெயில் ஏறினால் கிணற்றில் தண்ணீர் அடிக்கு இறங்கிவிடும். வாளி நிலத்தில் தட்டுகிற சத்தம் கேட்டதும், "காணும், ஊறட்டும் விடுங்கோ" என்று குசினிக்குள் இருந்தே அம்மா சொல்வார். பின்னேரத்தில் ஆட்டுக்குக் குழை ஒடிக்க நானும் ரவியும் பூவரசு வேலிகளைத் தேடி அலைவோம். அந்த வீட்டில் ஒருவர் சொல்வதை இன்னொருவர் முழுதாகக் கேட்டு முடித்தது அபூர்வம். ஒரு வசனம் தொடங்கும். நடுவில் பானை பொங்கும். பாதியில் குழந்தை அழும். மிச்சத்தை ஆடு தின்றுவிடும்.

நாயைக் குட்டியாகத் தூக்கி வந்தவர் அப்பா. கபில நிற உடம்பில் கறுப்பு வரிகள் ஓடியதால், புலி என்று கருதி, "ரைகர்" என்று இங்கிலீசில் பெயர் வைத்தார். வைத்த நேரம் சரியில்லை. சந்திக்குச் சந்தி காவலரண் நின்ற காலம் அது. ஒருநாள் அம்மா ஒழுங்கை முகப்பில் நின்று, "ரைகர், ரைகர், இஞ்ச வா" என்று நீட்டி முழக்கிக் கூப்பிட, காவலரணில் நின்ற ஆமிக்காரர் தலையைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். அப்பாவுக்கு வியர்த்துவிட்டது.

"ஏனப்பா, ஊரைக் கூட்டி என்னை உள்ளுக்குப் போடப் போறீரோ?"

"பேர் வைச்சது நீங்கள். கூப்பிட்டது மட்டும் என்ர பிழையோ?"

அன்றைக்கே "டொமி" என்று பெயர் மாறியது. நாய் அதற்கு உடன்படவில்லை. டொமி என்று கூப்பிட்டால், யாரோ பக்கத்து வீட்டு ஆளைத் தேடுகிறார்கள் என்பதுபோலப் படுத்துக் கிடக்கும். கடைசியில் அம்மா "டேய்" என்று கூப்பிடத் தொடங்கினார். அதற்கு எழுந்து வந்தது. கூடவே நானும் ரவியும் எழுந்து வந்தோம். "உங்களை இல்லை, அவனை" என்பார் அம்மா.

விடிவதற்கு முன்னரே அம்மா கடகத்தில் வாழையிலை விரித்து, இடியப்பத்தை அடுக்கி, மேலே வெள்ளைத் துணி போட்டுக் கட்டி, தலையில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிடுவார். எங்கள் ஒழுங்கையிலிருந்து பஸ் நிலையத்தடி வரைக்கும் வழியில் இருக்கும் தேத்தண்ணிக் கடைகளில் கொடுத்துக்கொண்டே போகிற நடை அது. அப்பா அந்நேரம் கடலில் இருப்பார். தொடக்கத்தில் அவருக்கு இதில் துளியும் விருப்பமில்லை. "இருட்டுக்குள்ள பொம்பிளை தனியப் போறதோ, ஏலாது" என்று ஒரே பிடியாக நின்றார். நாய் வளர்ந்து, யாரும் சொல்லாமலே அம்மாவின் இடது பக்கமாக நடந்து போய்த் திரும்பி வரத் தொடங்கிய பிறகுதான் மனம் இளகினார். "சரி, அவன் கூட வாறதெண்டாப் போம்" என்றார். காலப்போக்கில் அந்த நிபந்தனையை வீட்டில் எல்லோரும் மறந்துபோனோம், சொன்ன அப்பா உட்பட. அம்மா மட்டும் மறக்கவில்லை என்பது எனக்கு விளங்குவதற்கு வெகு காலம் பிடித்தது.

திரும்பி வருகிற அம்மா வேறு ஆளாக வருவார். போகும்போது கடகம் நிறைந்திருக்கும். வரும்போது வாய் நிறைந்திருக்கும். மீன் சந்தையில் யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை, கொழும்பு பஸ்ஸால் இறங்கிய வெள்ளைக்காரி மானுக்கு பிஸ்கட் நீட்ட மான் அவளுடைய தொப்பியைப் பிடித்து இழுத்தது, எந்தக் கடைக்காரருக்கு மகள் பிறந்திருக்கிறாள், மூதூரிலிருந்து வந்த கிழவர் ஒருவர் எந்த பஸ்ஸில் ஏறுவது என்று எழுத்தறியாத அம்மாவிடமே வந்து கேட்டது, இப்படி ஒவ்வொன்றாக வரும். குசினிப் படியில் கால் நீட்டி உட்கார்ந்து, வெறுந்தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, வெள்ளைக்காரியாகவும் மானாகவும் தானே மாறி நடித்துக் காட்டுவார். அக்கா உரலைப் பிடித்தபடி சிரித்துச் சிரித்து, பிழிந்த இடியப்பம் கோணலாகிவிடும். நாய் பக்கத்தில், தானும் இதையெல்லாம் பார்த்ததுதான் என்பதுபோல, கண்ணை மூடிக் கிடக்கும். அந்த ஒரு தேத்தண்ணி நேரத்தில் மட்டும் வீட்டில் எல்லோரும் ஒருவர் பேசுவதைக் கேட்டோம். மற்ற நேரமெல்லாம் அம்மா எங்கள் எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர்.

நான் எழுத வந்தது ஒரு வெயில் காலத்தைப் பற்றி. சண்டை ஓய்ந்திருந்தது. கிண்ணியாவுக்குப் போகிற பாதையில் புதுப் பாலம் திறந்து, சனம் அதுவரை தங்களை அக்கரை சேர்த்த பாதைப் படகை மறந்துகொண்டிருந்த நேரம். மழை அந்த வருசம் நன்றாகவே ஏமாற்றிவிட்டது. கோட்டைப் பக்கம் மேய்கிற புள்ளிமான்கள் புல் காய்ந்தால் பட்டணத்துக்குள் இறங்கும். அந்த வருசம் கூட்டமாகவே இறங்கின. பஸ் நிலையத்திலும் சந்தையடியிலும் மாடுகளைப் போலத் திரிந்தன. வாழைப்பழத் தோல், பாண் துண்டு, பொலித்தீன் பை, எதுவென்றாலும் வாய் வைத்தன. கோட்டைக்குள் கோயில் இருப்பதால் அவற்றைச் சனம் "கோயில் மான்" என்றுதான் சொல்லும். பசித்த மான் கடைக்குள் தலையை நீட்டினாலும் யாரும் கையை ஓங்கமாட்டார்கள். "போ அம்மா, போ" என்று மெதுவாகத் தள்ளிவிடுவார்கள்.

லீவு நாட்களில் எப்போதாவது ஒருநாள் நானோ அக்காவோ அம்மாவோடும் நாயோடும் சேர்ந்து போவதுண்டு. அன்று நான் போயிருந்தேன். பஸ் நிலையத்தடியில் மயில் அண்ணையின் கடை வாசலில் அம்மா கடகத்தை இறக்கி வைத்து, துணியை விலக்கி, இடியப்பத்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கொம்பு முளைத்துவரும் இளம் ஆண்மான் ஒன்று பின்னால் வந்து கடகத்துக்குள் முகத்தை விட்டது. வழக்கமாக நாய் ஓர் உறுமல் உறுமினால் மான்கள் விலகிவிடும். இது விலகவில்லை. நாய் இரண்டாம் முறை உறுமியது. மான் வாழையிலையோடு சேர்த்து இழுத்தது. அடுத்த கணம் நாய் அதன் பின்னங்காலைக் கவ்விவிட்டது.

மான் கத்தும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அது நொண்டிக்கொண்டு பஸ்களுக்கு நடுவில் ஓட, சீமெந்து நிலத்தில் இரத்தத் துளிகள் அதன் பின்னால் போயின. சனம் கூடிவிட்டது.

"கோயில் மானையெல்லோ கடிச்சுப்போட்டுது."

"ஆற்ற நாய் உது?"

"இடியப்பக்கார மனிசியின்ர."

பஸ் கொண்டக்டர் ஒருவர், "மான் என்ன செய்யும், அக்கான்ர இடியப்பம் அப்பிடி" என்று சொல்லிப் பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை.

மயில் அண்ணை கெட்ட மனிதர் இல்லை. நெற்றி நிறைய விபூதியோடு கல்லாவில் இருப்பவர். எனக்குப் பரீட்சை வந்தால் கோயிலில் தேங்காய் உடைப்பவர். அவர் வெளியே வந்து, நாயைப் பார்க்காமல் அம்மாவை மட்டும் பார்த்துச் சொன்னார்.

"பிள்ளை, உம்மில எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனா உந்த நாய் இனி என்ர கடை வாசலுக்கு வரப்படாது. வந்தா நான் இடியப்பத்துக்கு வேற ஆளைத்தான் பாக்கோணும்."

"அண்ணை, அது கடகத்தைத்தானே காத்தது."

"அது உமக்குத் தெரியும், எனக்கும் தெரியும். சனம் அப்பிடியோ கதைக்கும்?"

நாங்கள் திரும்பி வருகிற வழியில் மற்றக் கடைகளிலும் அதே பேச்சு. செய்தி எங்களை விட வேகமாக நடந்திருந்தது. அம்மா அன்று குசினிப் படியில் உட்காரவில்லை.

பின்னேரம் அப்பா சாப்பிட உட்கார்ந்தபோது கதை எடுக்கப்பட்டது. நாயைக் கட்டி வைப்பது நடக்காத காரியம் என்று எல்லோருக்கும் தெரியும். முன்பு ஒருமுறை காய்ச்சலில் கிடந்ததைக் கட்டிவிட்டு அம்மா போக, வேலிக் கட்டையைப் பிடுங்கி, கட்டையும் கயிறும் பின்னால் இழுபட, பாதி வழியில் வந்து சேர்ந்துகொண்டது. ஆகவே எங்காவது கொடுத்துவிட வேண்டும் என்று முடிவாயிற்று. எங்களுக்குச் சிவப்பரிசி கொண்டுவந்து தருகிற ஹனீபா நானா கிண்ணியாப் பக்கத்தில் வயல் செய்கிறவர். பன்றிக் காவலுக்கு நல்ல நாய் ஒன்று கிடைக்காதா என்று போன முறை வந்தபோதே கேட்டிருந்தார்.

"பாலத்தால பஸ் ஓடுதுதானே, நானும் தம்பியும் கொண்டுபோய் விட்டிட்டு வாறம்" என்றாள் அக்கா.

"விசர்க்கதை கதையாதை. பாலத்தால போனது பாலத்தால திரும்பி வரும்" என்றார் அப்பா. "நான் போட்டில கொண்டு போறன்."

துறைமுகத்தைச் சுற்றியிருக்கிற வீடுகளில் இது பழைய வழக்கம். வேண்டாத பூனையையும் நாயையும் வண்டியில் ஏற்றிப் போய் விட்டால் வழியை மோந்துகொண்டு வந்துவிடும். கடலால் கொண்டு போனால் வராது என்று கடலோடிகள் நம்பினார்கள். எங்கள் ஒழுங்கையில் குட்டி போட்ட பூனைகளில் பாதி அப்படித்தான் விரிகுடாவைக் கடந்து போயிருந்தன.

அப்போதுதான் அம்மா கேட்டார்.

"அப்ப வெள்ளன நான் ஆரோட போறது?"

சத்தமாகக் கேட்கவில்லை. கேட்ட அதே நேரத்தில் ஆட்டுக்குட்டி ஒன்று குசினிக்குள் பாய்ந்து மாத் தட்டைக் கவிழ்த்துவிட்டது. அக்கா எழுந்து ஓட, ரவி குட்டியைப் பிடிக்கப் போய் வழுக்கி விழ, கோழிகள் எங்கிருந்தோ வந்து சேர, ஏணையில் தங்கச்சி அழத் தொடங்கினாள். நான் ஒரு கோழியைக் கையிலும் இன்னொன்றைக் கால்களுக்கு நடுவிலும் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லாம் அடங்கியபோது அப்பா கை கழுவிவிட்டு வந்து, "அப்ப சரி, விடியக் கொண்டு போறன்" என்றார். அம்மா குந்தியிருந்து நிலத்தில் கொட்டிய மாவை வழித்து அரிதட்டில் போட்டு, தும்பும் மணலும் போக, திரும்பவும் அரித்துக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வி அவ்வளவுதான். ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஒருவரும் பதில் சொல்லாமல் விட்டோம் என்று நினைக்கவும் இல்லை.

விடிந்து அப்பா கூப்பிட, நாய் சந்தோசமாக ஓடிப்போய் போட்டில் ஏறியது. அதற்கு அந்த போட் பழக்கமானதுதான். முன்னால் அணியத்தில் முன்கால் வைத்து, காது இரண்டும் காற்றில் பின்னால் மடிய, பெரியவர் ஒருவர் ஊர்வலம் போவதுபோலப் போய்விட்டது. ரவி கரையில் நின்று மணலை அள்ளிக் கடலுக்கு எறிந்தான். அம்மா வரவில்லை. அது புறப்படுமுன் இடியப்பம் அவித்து, சொதி ஊற்றி, நாய்க்குத் தனியாக ஒரு கோப்பையில் வைத்ததை மட்டும் நான் பார்த்தேன்.

அடுத்த நாள் காற்று கடுமையாக இருந்ததால் போட்டுகள் இறங்கவில்லை. அப்பா வீட்டில் நின்றார். விடியப்பறம் அம்மா கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு படலையைத் திறந்தபோது அவர் பாயில் எழுந்து உட்கார்ந்தார்.

"தனியவோ போறீர்?"

அம்மா திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் படுத்திருந்த இடத்தில் இருந்து கண்டேன். அப்போது அது எனக்கு வெறும் பார்வையாகவே தெரிந்தது. "வேற ஆரோட?" என்று கேட்டார்.

அப்பா சேட்டைப் போட்டுக்கொண்டு சைக்கிளை உருட்டியபடி கூடப் போனார். தினமும் அது முடியாதே. அந்தக் கிழமைக்குள்ளேயே அவருடைய அக்காவின் மகன் குமாரின் ஓட்டோ ஒழுங்காகிவிட்டது. குமார் வெள்ளன வந்து கடகத்தை ஏற்றிக்கொண்டு போய்க் கடைகளில் கொடுத்துவிட்டு வெறுங்கடகத்தைக் கொண்டுவந்து தந்தான். "நீர் ஏன் கஸ்ரப்படுவான், இருந்து ஆறும்" என்று அப்பா சொன்னார். அவர் உண்மையிலேயே அம்மாவுக்கு நல்லது செய்ததாகத்தான் நினைத்தார். அக்காவும் அப்படித்தான் நினைத்தாள். நாங்கள் எல்லோரும் சந்தோசப்பட்டோம். கடைக்காரர்கள் கைவிட்டுப் போகக்கூடாது என்பதற்காகத்தான் நாயை அனுப்பினோம். கடைக்காரர் ஒருவரும் கைவிட்டுப் போகவில்லை. இடியப்பம் முன்னைப் போலவே பட்டணத்துக்குப் போனது. அம்மா போகவில்லை.

முதல் நாட்களில் குமார் திரும்பி வந்ததும் அம்மா குசினி வாசலுக்கு வந்து நிற்பார்.

"என்ன தம்பி, அங்கால என்ன புதினம்?"

"ஒண்டுமில்லை மாமி."

"மயில் அண்ணை என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லேல்லை."

"மான் நிண்டதோ? கால் நொண்டுதோ?"

"நான் கவனிக்கேல்லை மாமி" என்று சொல்லி ஓட்டோவைத் திருப்புவான். சில நாட்களில் அம்மா கேட்பதை விட்டுவிட்டார். குசினிப் படியில் கால் நீட்டி உட்காருவதும் நின்றுபோனது. தேத்தண்ணியை அடுப்படியில் நின்றபடியே குடித்தார். வீட்டில் சத்தத்துக்குக் குறைவில்லை; ஆடு, கோழி, குழந்தை, எங்கள் சண்டை எல்லாம் இருந்தன. அதனால் குறைந்தது எது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

லீவு முடிகிற தறுவாயில் ஹனீபா நானா அரிசி மூட்டையோடு வந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தபடி சொன்னார்.

"நாய் வேலையில சோக்கு. ராவில பண்டி ஒண்டு வயலுக்குள்ள கால் வைக்கிறல்ல. ஆனா பொழுது சாஞ்சா காணக் கிடைக்காது. எங்க போகுது எண்டு பார்த்தா, பழைய பாதைத் துறையடி இரிக்கில்ல, தம்பி, நீங்க போட்டால எறக்கிவிட்ட எடம், அதில போய் தண்ணியப் பார்த்துக்கிட்டு குந்திக்கிட்டு இரிக்கும். பக்கத்திலதான் பாலம். ஏறி நடந்தா ஒங்கட வீடு. அந்த வாயில்லாச் சீவனுக்கு அது எங்க தெரியும்? அது தண்ணியால வந்தது, தண்ணியாலதான் போகலாம் எண்டு நினைச்சிரிக்கி."

அப்பா சிரித்தார். "நான் சொன்னனானெல்லோ" என்றார். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "கொஞ்ச நாளில மறந்திடும்" என்றார்.

அம்மா மூட்டையின் வாயை அவிழ்த்து, அரிசியை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஞாயிற்றுக்கிழமை நான் ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வரப் போறன்" என்றார்.

கேட்கவில்லை, சொன்னார். அப்பா என்னையும் ரவியையும் கூடக் கூட்டிப் போகச் சொன்னார்.

கிண்ணியா பஸ்ஸின் பலகையை அம்மாவுக்கு வாசித்துச் சொன்னவன் நான். அந்தப் பெருமையில் வழி நெடுகக் கடைப் பலகைகளையெல்லாம் உரத்து வாசித்துக்கொண்டே போனேன். அம்மா யன்னலோரம் இருந்து எல்லாவற்றையும், கதவையும் மதிலையும் தெருநாயையும்கூட, பசித்தவர் சாப்பாட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு வந்தார். பஸ் பாலத்தில் ஏறி, ஏறிய வேகத்தில் இறங்கியதும் திரும்பிப் பார்த்தார். "இவ்வளவு கிட்டவோ" என்றார்.

ஹனீபா நானா எங்களைப் பழைய துறையடிக்கு நேரே கூட்டிப் போனார். பாதைப் படகு வந்து முட்டுகிற சீமெந்துச் சரிவில், முதுகு எங்கள் பக்கமாக, நாய் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருந்தது. உடம்பு தேறியிருந்தது. கழுத்தில் புது வார். அம்மா சரிவின் மேலே போய் நின்றார். பிறகு, "டேய்" என்றார்.

ரவியும் நானும் அசையவில்லை. நாய் திரும்பியது. அது ஓடி வந்த விதத்தை எழுதினால் மிகையாகத் தோன்றும். ஆனால் அதற்குப் பின் செய்ததை எழுதத்தான் வேண்டும்: அம்மாவின் காலைச் சுற்றி, கையை நக்கி, ரவியைத் தள்ளி விழுத்திவிட்டு, கடைசியில் அம்மாவின் இடது பக்கத்தில் வந்து, அவர் பார்க்கிற திசையைப் பார்த்து, புறப்படலாம் என்பதுபோல நின்றது.

"கூட்டிட்டுப் போறண்டா போங்க தங்கச்சி" என்றார் நானா. "நான் ஒண்டும் நினைக்கமாட்டன்."

"கூட்டிக்கொண்டு போவம் அம்மா" என்று ரவி சேலையைப் பிடித்துக்கொண்டான்.

அம்மா நாயின் காதுகளைப் பிடித்து விரலால் தடவியபடி நின்றார். மயில் அண்ணையையோ மானையோ பற்றி யோசித்திருப்பார் என்று நான் அப்போது எண்ணினேன்.

"இஞ்ச அவனுக்கு வேலை இருக்கு, நானா" என்றார். "அங்க வந்தா அவனும் வீட்டுக்குள்ள இருக்கத்தான் வேணும்."

நானா தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

பிறகு அம்மா செய்த காரியத்தை நாங்கள் ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. எங்களை நானாவோடு நிற்கச் சொல்லிவிட்டு, நாயைக் கூட்டிக்கொண்டு பாலத்தில் ஏறினார். தலையில் கடகம் இல்லை. ஆனால் கடகம் இருப்பதுபோலக் கழுத்து நிமிர்ந்திருந்தது. லொறிகளும் சைக்கிள்களும் கடந்து போக, ஓரமாக இருவரும் ஒரே வேகத்தில் நடந்து போனார்கள். அந்தக் கரைவரை போய், கொஞ்ச நேரம் அங்கே நின்று, திரும்பவும் இந்தக் கரைக்கு நடந்து வந்தார்கள். வந்தபோது அம்மாவின் முகம், முன்பு இடியப்பம் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிற முகமாக இருந்தது.

"பாலத்தைக் காட்டிப்போட்டன், நானா" என்றார். "இனி அவன்ர விருப்பம்."

பஸ் புறப்பட்டபோது நாய் பின்னால் ஓடி வரவில்லை. நானாவின் பக்கத்தில் நின்று பார்த்தது. அதற்குப் பிறகு அது துறையடியில் போய் இருப்பதை விட்டுவிட்டதாக அடுத்த அரிசி மூட்டையோடு செய்தி வந்தது. பாலத்தால் வரவும் இல்லை. ரவி வெகுநாள் படலையடியில் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா, அது பழகிவிட்டது என்றார். அம்மா, "நல்லது" என்றார். அந்தச் சொல்லில் மகிழ்ச்சி இருந்ததா, வேறெதுவும் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பள்ளிக்கூடம் திறந்தது. நான் படிப்பில் விழுந்தேன். எங்கள் குடும்பத்தில் ஒருவனுக்காவது வழி திறக்க வேண்டும் என்று எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்த வருசங்கள் அவை. வேறு யாருக்கு எந்த வழி அடைபட்டது என்று பார்க்க வீட்டில் ஆளில்லை.

இப்போது நான் கொழும்பில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். லீவு கிடைத்தால் ஓகஸ்டில்தான் ஊருக்கு வருகிறேன். அக்கா இறக்கக்கண்டியில் மணமுடித்துப் போன பிறகு இடியப்பம் நின்றுபோனது. மயில் அண்ணையின் கடை இருந்த இடத்தில் கைத்தொலைபேசி விற்கிறார்கள். ஆடு கோழிக்கு இடமில்லாமல் சுற்றிவர மதில் எழுந்துவிட்டது. ஹனீபா நானாவின் வயலில் நாய் முதுமையில் செத்ததை அவருடைய மகன் தொலைபேசியில் சொன்னார். ஊரில் மான்கள் மட்டும் இன்னும் பஸ் நிலையத்தில் நிற்கின்றன. அவற்றைப் பார்த்து நடித்துக் காட்ட எங்கள் வீட்டிலிருந்து யாரும் அந்தப் பக்கம் விடியலில் போவதில்லை.

அம்மாவுக்குச் சீனி வருத்தம். தினமும் நடக்கச் சொல்லி டொக்டர் சொல்லியிருக்கிறார். இந்த முறை வந்திருந்தபோது, விடியலில் செருப்புச் சத்தம் கேட்டு எழுந்து பார்த்தேன். அம்மா மதிலுக்குள்ளே வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, கழுத்தை நிமிர்த்தி, நல்ல வேகமாகத்தான் நடந்தார். அப்பா கதிரையில் சாய்ந்து வானொலி கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன் அம்மா இதுக்குள்ள சுத்துறியள்? றோட்டால போங்கோவன். கடற்கரைப் பக்கம் நல்ல காத்து."

"கையில ஒண்டும் இல்லாமலோ?" என்றார் அம்மா, நிற்காமலே. "கையை வீசிக்கொண்டு போனா, எங்க போறாய் எண்டு கேக்கிற ஆக்களுக்கு என்னத்தைச் சொல்லுறது?"

அவர் ஒரு சுற்று முடித்து வரும்வரை காத்திருந்தேன். இவ்வளவு வருசம் கழித்தாவது சொல்லலாம் என்று தோன்றியது.

"நான் வாறன் அம்மா. என்னோட வாங்கோ."

அம்மா நின்றார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது.

"நீ நாளைக்குப் போயிடுவாய்" என்று சொல்லிவிட்டு, அடுத்த சுற்றைத் தொடங்கினார்.